அளவுகோலாக இருந்த விலங்கு: நாயின் இதயத்தை அளந்த வரலாறு

ஓசூர்ச் சாலையில் கர்நாடகத்தின் எல்லையூர் அத்திபெலே. அதன் இருபுறமும் கால்நடை மருத்துவத்தின் பழைய நிறுவனங்கள் அமைந்துள்ளன. தெற்கே, ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் படைக்குதிரைகளுக்காக 1824-இல் தொடங்கப்பட்ட பண்ணை பின்னாளில் கால்நடைப் பண்ணையாயிற்று. வடக்கே பெங்களூரில், பால்வளத்துக்கான இம்பீரியல் நிறுவனம் 1923-இலும், ஹெப்பாளில் சீரம் நிறுவனம் 1925-இலும் எழுந்தன. அதற்கும் முன்னர், 1903-இல், சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியிருந்தது. இவை அனைத்துக்கும் பின்னே நின்ற கணக்கு ஒன்றே: குதிரை படைக்கு வேண்டும், மாடு உழவுக்கும் பாலுக்கும் வேண்டும். நாய்க்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ‘கால்நடை’ என்னும் சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. ஆடு, மாடு, எருமையைக் குறித்து வழங்கும் அச்சொல்லை நாயைச் சுட்ட எவரும் இயல்பாகப் பயன்படுத்துவதில்லை. ஆயினும் நாயை மருத்துவரிடம் கொண்டுசெல்பவர் தேடிப் போவது ‘கால்நடை மருத்துவமனை’யைத்தான்.

இன்று அச்சாலையோரத்து வீடொன்றில் வளரும் டாபர்மன் நாய் திடீரென்று மயங்கி விழுந்து எழுந்தால், அதற்குச் செய்யப்படும் சோதனைகள் மனிதருக்குச் செய்யப்படுபவையே. மார்பு எக்ஸ்ரே, இசிஜி, எக்கோ, தேவைப்பட்டால் 24 மணி நேர ஹோல்டர் பதிவு. இச்சோதனைகள் தரும் எண்கள் எங்கிருந்து வந்தன, எந்த உடலை அளந்து பெறப்பட்டன என்பது நோயறிதலோடு நேரடித் தொடர்புடைய கேள்வி. இதயத் தசை நோயில் தவறான அளவுகோல் ஒன்று நலமான நாயை நோயாளியாக்கும். நோயுற்ற நாயை நலமென்று வீட்டுக்கு அனுப்பிவைக்கும்.

பெரிய இன நாய்களை மிகுதியும் தாக்கும் இதயத் தசை நோய் ‘டைலேட்டட் கார்டியோமயோபதி’. மருத்துவர் வழக்கில் டிசிஎம். இடது கீழறை விரிந்து, அதன் சுவர்த் தசை சுருங்கும் ஆற்றலை இழப்பதே இதன் சாரம். டாபர்மன், கிரேட் டேன், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் ஆகிய இனங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. பாக்சர் நாய்களில் நோய் பெரும்பாலும் துடிப்பொழுங்கின் குலைவாகவே முதலில் தலைகாட்டும். இந்நோயின் கொடுமை அதன் மௌனம். தசை நலிந்துகொண்டிருக்கும் நெடுங்காலத்தில் நாய் வழக்கம்போல் உண்ணும், ஓடும், வாசலில் குரைக்கும். இருமலும் மூச்சுத்திணறலும் வயிற்றில் நீர்க்கோவையும் தோன்றும்போது நோய் முற்றியிருக்கும். சில நாய்கள் அந்த நிலையை எட்டாமலே, மௌன காலத்திலேயே திடீரென்று இறந்துபோகின்றன. ஆகவே இந்நோயில் அளவீடு என்பது அறிகுறி தோன்றியபின் அதை உறுதிசெய்யும் சடங்காக இருந்தால் போதாது.

இதயத்தின் செயலை எண்ணாக்கும் முயற்சியின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஒருவர் நிற்கிறார். ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-இல் வெளியிட்ட நூலில், குதிரையின் தமனியில் செருகிய கண்ணாடிக் குழாயில் இரத்தம் 8 அடி 3 அங்குலம் உயர்ந்ததைப் பதிந்தார். இரத்த அழுத்தத்தை அளந்தவர் என்றே பாடநூல்கள் அவரை நினைவுகூர்கின்றன. அவர் செய்த மற்றொன்று இங்கே கூடுதல் முக்கியமானது. இறந்த விலங்கின் இடது கீழறைக்குள் உருக்கிய மெழுகை ஊற்றி, உறைந்த வார்ப்பின் கனஅளவைக் கண்டு, அதை நாடித்துடிப்பின் எண்ணிக்கையால் பெருக்கி, இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தை வெளித்தள்ளக்கூடும் என்று கணக்கிட்டார். நாய்களிலும் இத்தகைய சோதனைகளைச் செய்தார். ஒவ்வொரு துடிப்பிலும் அறை முழுதும் காலியாகிவிடும் என்ற அனுமானம் அக்கணக்கில் அடங்கியிருந்தது. நலமான இதயமும் அப்படிக் காலியாவதில்லை. நலிந்த இதயமோ உள்ளே இருப்பதில் சிறு பங்கையே வெளியேற்றுகிறது. எனினும் அறையின் கனஅளவே இதயத்தின் கதையைச் சொல்லும் என்ற அவருடைய உள்ளுணர்வு சரியானது. அந்த இடத்துக்கு மருத்துவம் திரும்பி வர ஏறத்தாழ 280 ஆண்டுகள் ஆயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாய் ஆய்வுக்கூடத்தின் நிலையான விலங்காயிற்று. உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனைக் கொண்டு இதய வெளியேற்றத்தைக் கணக்கிடலாம் என்று அடால்ஃப் ஃபிக் 1870-இல் கோட்பாடாகச் சொன்னார். தாமாக அளந்து பார்க்கவில்லை. 1886-இல் அதை அளந்துகாட்டிய கிரேஹான், கேன்கோ என்னும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கையாண்டது நாய்களை. மனித இதயத்தின் வெளியேற்றத்தை அளக்கும் பொன்விதியாகப் பின்னாளில் போற்றப்பட்ட முறை முதலில் நாயின் உடலில்தான் நடைமுறையாயிற்று.

இந்த வரலாற்றில் பெயர் தெரிந்த நாய்கள் சிலவே. அவற்றுள் ஜிம்மி என்ற புல்டாக் நாய்க்குத் தனி இடம் உண்டு. அதன் உரிமையாளர் அகஸ்டஸ் வாலர், 1887-இல் மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதலில் பதிவுசெய்து வெளியிட்டவர். ஜிம்மி தன் பாதங்களை உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்து அமைதியாக நிற்கும். பாத்திரங்களிலிருந்து செல்லும் கம்பிகள் அதன் இதயத் துடிப்பைக் கருவியில் காட்டும். 1909-இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் இக்காட்சி நடந்தபின், விலங்கு வதை என்ற ஐயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே எழுப்பப்பட்டது. உள்துறை அமைச்சர் கிளாட்ஸ்டன் அளித்த விளக்கம், கடலோரத்தில் கால் நனைப்பதற்கு மேல் அதில் துன்பமில்லை என்ற பொருள்பட அமைந்தது. ஜிம்மியைப் பொறுத்தவரை அது உண்மையே. அதே காலத்தில் மார்பு திறக்கப்பட்ட, பெயரில்லாத நாய்களைப் பற்றி அவ்விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அப்பெயரற்ற நாய்களிலிருந்து பிறந்ததுதான் இதய உடலியங்கியலின் மிகப் புகழ்பெற்ற விதி. எர்னஸ்ட் ஸ்டார்லிங், நாயின் இதயத்தையும் நுரையீரலையும் மட்டும் செயற்கைச் சுற்றோட்டத்தில் இயங்கவைத்து ஆராய்ந்தார். 1915-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய லினேக்கர் உரையில் முடிவைத் தொகுத்துரைத்தார். இதயத் தசை இழை எவ்வளவு நீட்டப்படுகிறதோ, ஓர் எல்லைவரை, அவ்வளவு வலிமையாகச் சுருங்கும். தவளை இதயத்தில் ஓட்டோ ஃபிராங்க் 1895-இலேயே இதற்கு அடித்தளமிட்டிருந்தார். டிசிஎம் நோயைப் புரிந்துகொள்ள இவ்விதி இன்றியமையாதது. நலிந்த தசை குறைவாகச் சுருங்குவதால் அறையில் இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் இழைகளை நீட்டுகிறது. நீண்ட இழைகள் சற்றுக் கூடுதலாகச் சுருங்கி இழப்பை ஈடுகட்டுகின்றன. உதாரணமாக, 50 மி.லி. கொள்ளும் அறை 30 மி.லி. வெளித்தள்ளுவதும், 120 மி.லி. கொள்ளும் அறை அதே 30 மி.லி. வெளித்தள்ளுவதும் உடலுக்கு வரும் இரத்தத்தின் அளவில் ஒன்றே. முன்னது நலமான இதயம். பின்னது சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கும் இதயம். நோயின் மௌனத்துக்கு ஸ்டார்லிங்கின் விதியே பெரும்பகுதி விளக்கம்.

1960-களில் இன்னொரு திருப்பம் நேர்ந்தது. பேஸ்மேக்கர் கொண்டு நாயின் இதயத்தைப் பல நாட்கள் மிகு வேகத்தில் துடிக்கவைத்தால், அது விரிந்து நலிந்து டிசிஎம் போன்ற நிலையை அடைவது கண்டறியப்பட்டது. மனித இதயச் செயலிழப்பை ஆராய இம்முறை பரவலாகப் பயன்பட்டது. நாய்க்கு இயற்கையாக வரும் நோயை யாரும் அதிகம் கவனிக்காத காலத்தில், அதே நோயின் சாயல் மனிதனுக்காக நாயில் உருவாக்கப்பட்டது என்பது இவ்வரலாற்றின் முரண்.

இந்தியாவில் இம்முரண் சட்டத்திலும் பதிந்தது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. ஆயினும் அச்சட்டம் அறிவியல் சோதனைகளைத் தடைசெய்யவில்லை. ஒரு குழுவின் கண்காணிப்புக்கு உட்படுத்த வழிசெய்தது. நாயை ஆய்வுப் பொருளாகவும் காக்கப்பட வேண்டிய உயிராகவும் ஒரே சட்டம் பார்க்கிறது. அதில் தவறு காண்பது எளிது. ஆனால் நாயை நோயாளியாகக் கருதும் மருத்துவமும் அந்த இரட்டை நிலையிலிருந்துதான் தன் கருவிகளைப் பெற்றது.

நாய் நோயாளியான தருணத்தைச் சுட்டவேண்டுமானால் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். அங்கே டேவிட் டெட்வைலரும் டொனால்ட் பேட்டர்சனும், பிலடெல்பியாவில் சிகிச்சைக்கு வந்த கிட்டத்தட்ட 5,000 நாய்களை ஆராய்ந்து, இதய நோய்களின் பரவலையும் வகைகளையும் 1965-இல் வெளியிட்டனர். நாயின் இதயம் நாய்க்காக எண்ணப்பட்ட முதல் பெரும் கணக்குகளுள் அது ஒன்று. அதே பல்கலைக்கழக மரபில் வந்த ஜேம்ஸ் பியூகானன் 1995-இல் ஓர் எளிய வழியைத் தந்தார். எக்ஸ்ரே படத்தில் இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் அதே நாயின் முதுகெலும்புக் கண்ணிகளைக் கொண்டு அளப்பது. நலமான நாயின் சராசரி 9.7 கண்ணிகள். சிறிய நாய்க்குச் சிறிய கண்ணி, பெரிய நாய்க்குப் பெரிய கண்ணி. அந்த உடலே அந்த உடலுக்கு அளவுகோல். முழம் போடுபவரின் கையே முழக்கோலாவது போன்ற முறை இது. ஆனால் எக்ஸ்ரே நிழலைத்தான் காட்டும். தசை சுருங்குவதை அது காட்டாது.

தசையின் அசைவைக் காண மீயொலி வேண்டியிருந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் 1953 அக்டோபரில், உலோகத்தின் உட்பிளவுகளைக் கண்டறியும் கருவியைக் கொண்டு உயிருள்ள மனித இதயத்தின் எதிரொலியைப் பதிந்தனர். கப்பல் கட்டும் தளத்துக்குரிய கருவி மருத்துவமனைக்குள் வந்தது இப்படித்தான். 1970-களின் பிற்பகுதியில் எக்கோ கால்நடை மருத்துவத்தை அடைந்தபோது, மனித மருத்துவத்தின் அளவீடுகளும் கூடவே வந்தன.

அவற்றுள் இன்றளவும் அதிகம் எழுதப்படுவது சுருக்க விகிதம். இரத்தம் நிறைந்த நேரத்தில் இடது கீழறையின் குறுக்களவு 5 செ.மீ., சுருங்கியபின் 3.5 செ.மீ. எனில் விகிதம் 30 விழுக்காடு. எளிமையே இதன் வலிமை. எளிமையே இதன் பொறி. முதலாவதாக, இது அறையை ஒரே கோட்டில் வெட்டிப் பார்க்கிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் தசை எப்படி இருக்கிறது என்று சொல்லாது. இரண்டாவதாக, அறை எவ்வளவு நிரம்புகிறது, எவ்வளவு எதிர்ப்பைத் தள்ளவேண்டியுள்ளது என்பவற்றைப் பொறுத்து இது மாறும். கீழறை விரியும்போது ஈரிதழ் வால்வின் வளையமும் விரிந்து இரத்தம் மேலறைக்குக் கசியத் தொடங்கினால், கீழறைக்கு எளிய வழி ஒன்று கிடைத்துவிடுகிறது. தசை நலிந்திருந்தும் எண் ஓரளவு நன்றாகவே தோன்றும். நோய் உண்டாக்கிய கசிவே நோயை மறைக்கும் இந்த நிலையை அறியாமல் எண்ணை மட்டும் படிப்பவர் ஏமாறுவார். 2003-இல் ஐரோப்பியக் கால்நடை இதயவியல் அறிஞர்கள் முன்மொழிந்த வழிகாட்டுதல்கள் ஒற்றை எண்ணைச் சாராமல் பல அளவுகளைச் சேர்த்து மதிப்பிடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அறையின் வடிவமே அவற்றில் ஓர் அளவாயிற்று. நலமான கீழறை வாழைப்பூப் போல நீண்டிருக்கும், நோயுற்றது பந்தாகும். நீளத்தை அகலத்தால் வகுத்து வரும் ஈவு 1.65-க்குக் கீழ் இறங்கினால் ஐயம் கொள்ளவேண்டும்.

மனித மருத்துவம் சந்திக்காத இடர் ஒன்று நாய் மருத்துவத்துக்கு உண்டு. வயதுவந்த மனிதரின் எடை வேறுபாடு சில மடங்கே. நாய் இனத்திலோ 3 கிலோ எடையுள்ளதும் 60 கிலோ எடையுள்ளதும் ஒரே சிற்றினம். இதயம் எடைக்கு நேர்விகிதத்தில் பெருப்பதில்லை. 494 நலமான நாய்களின் அளவுகளைத் தொகுத்து 2004-இல் கார்னெல் குழுவினர் காட்டியது, நிரம்பிய கீழறையின் குறுக்களவு எடையின் ஏறக்குறைய 0.29 அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்பதே. அக்கணக்கின்படி 5 கிலோ நாய்க்கு மேல்வரம்பு ஏறத்தாழ 3 செ.மீ.; 30 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 5 செ.மீ. எடை ஆறு மடங்காகும்போது அறை 1.7 மடங்கே ஆகிறது.

எடையைச் சரிசெய்தபின்னும் இனம் எஞ்சியது. ஜெர்மனியின் அப்போல்டாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கப்பட்ட டாபர்மன் இதில் தனிப் பாடம். மியூனிக்கில் கெர்ஹார்ட் வெஸ் தலைமையிலான குழு, ஐரோப்பிய டாபர்மன்களில் இந்நோயின் ஒட்டுமொத்தப் பரவல் 58.2 விழுக்காடு என்று 2010-இல் அறிவித்தது. அதே ஆண்டு, கீழறையை அடுக்கடுக்கான வட்டுகளாகப் பிரித்துக் கனஅளவைக் கூட்டும் சிம்ப்சன் முறை, ஒற்றைக்கோட்டு அளவைவிட முன்னதாகவே மாற்றத்தைக் காட்டுவதாகவும் அக்குழு நிறுவியது. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு, நிரம்பிய நிலையில் 95 மி.லி.க்கு மேலும் சுருங்கிய நிலையில் 55 மி.லி.க்கு மேலும் இருந்தால் டாபர்மன்னில் நோயென்று கொள்ளலாம். ஹேல்ஸ் இறந்த விலங்கில் மெழுகால் அளந்த அதே கனஅளவுதான் இது. இப்போது நாய் உயிரோடு, பக்கவாட்டில் படுத்திருக்கிறது. மேசையில் வெட்டிய துளைவழியே கருவி கீழிருந்து மார்பைத் தொடுகிறது.

தசை இன்னும் வலுவாக இருக்கும்போதே துடிப்பொழுங்கு குலையும் நாய்களை எக்கோ காட்டிக்கொடுக்காது. அங்கே தேவைப்படுவது அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டரின் கண்டுபிடிப்பு. 1940-களின் இறுதியில் அவர் முதுகில் சுமந்த முதல் கருவி ஏறத்தாழ 38 கிலோ. ஒரு டாபர்மன்னின் எடை. இன்று அதன் வழித்தோன்றல் நாயின் சட்டைப்பைக்குள் அடங்குகிறது. 24 மணி நேரத்தில் கீழறையிலிருந்து முந்தியெழும் துடிப்புகள் 300-ஐத் தாண்டினால் டாபர்மன்னில் அது நோயின் சான்று. ஐந்து நிமிட இசிஜி பதிவில் அவற்றுள் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம்.

இவ்வளவு முன்னதாக அறிந்து பயன் என்ன என்ற கேள்விக்கு 2012-இல் விடை வந்தது. அறிகுறியில்லாத, ஆனால் எக்கோவில் நோய் தெரிந்த 76 டாபர்மன்களில் பிமோபெண்டன் மருந்து சோதிக்கப்பட்டது. இதயச் செயலிழப்போ திடீர் இறப்போ நேரும் வரையிலான இடைக்காலம், மருந்து பெற்றவற்றில் இடைநிலையாக 718 நாட்கள்; பெறாதவற்றில் 441. நாயின் ஆயுளில் ஒன்பது மாதம் என்பது சிறிய காலமன்று.

அளவீடு நோயின் காரணத்தைச் சொல்லாது என்பதையும் வரலாறு நினைவூட்டுகிறது. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ், பிறந்து சில வாரங்களேயான குட்டிகளின் இதயத் தசையைத் தாக்கியது. பிழைத்த சிலவற்றில் பின்னர் இதயம் செயலிழந்தது. இந்தியாவில் அவ்வைரஸ் பற்றிய தொடக்க அறிக்கைகள் 1980-களின் முற்பகுதியில் சென்னை ஆய்வாளர்களிடமிருந்து வந்தவை.  தாய்க்குத் தடுப்பூசி போடுவது வழக்கமான இடங்களில் குட்டிகளின் அவ்வகை இதய நோய் அரிதாயிற்று. 1987-இல் கலிபோர்னியாவில் பால் பியான் குழுவினர், உணவில் டாரின் குறைவதே பூனைகளின் டிசிஎம்-க்குக் காரணம் என்றும், அதைச் சேர்த்தால் இதயம் மீள்கிறது என்றும் காட்டினர். அமெரிக்கன் காக்கர் ஸ்பேனியல் நாய்களிலும் டாரின் குறைபாட்டின் பங்கு பின்னர் வெளிப்பட்டது. எக்கோத் திரையில் இவையெல்லாம் ஒரே பந்து வடிவ அறைதான். உணவு, தடுப்பூசி, பரம்பரை பற்றிய விசாரணை இல்லாமல் படம் மட்டும் எடுப்பது பாதி மருத்துவமே.

அத்திபெலேயின் இருபுறமும் உள்ள மருத்துவருக்கு இவ்வரலாறு விட்டுச்செல்லும் சிக்கல் வேட்டைநாய்களைப் பற்றியது. ஓட்டத்துக்கென்று வளர்க்கப்பட்ட கிரேஹவுண்ட் இனத்தின் இதயம் இயல்பிலேயே பெரியது. கண்ணி அளவில் சராசரி 10.5 வரை வரும். சுருக்க விகிதம் பிற நாய்களைவிடத் தாழ்ந்திருக்கும். நலமான நாயிலும் முணுமுணுப்பொலி கேட்கும். பொது அட்டவணையை வைத்துப் பார்த்தால் அது டிசிஎம் நோயாளி. கன்னியும் சிப்பிப்பாறையும் கர்நாடகத்தின் முதோலும் அதே ஒல்லியான, நெடுங்கால் உடலமைப்புக் கொண்ட ஓட்ட நாய்கள். பிலடெல்பியாவிலும் மியூனிக்கிலும் அளந்து பெற்ற வரம்பை அவற்றின்மேல் அப்படியே போடுவது, ஒருகாலத்தில் நாயை அளந்து மனிதனுக்குப் பொருத்தியதைவிடத் துணிச்சலான செயல். ஒரு நாயின் அறை சற்றுப் பெரிதாகவும் விகிதம் சற்றுத் தாழ்ந்தும் காணப்பட்டு, அறிகுறி எதுவும் இல்லையெனில், அனுபவமுள்ள மருத்துவர் கோப்பில் தேதியையும் எடையையும் நாடித்துடிப்பையும் குறித்துக்கொண்டு, ஹோல்டர் பதிவுக்கு ஏற்பாடு செய்து, சில மாதங்கள் கழித்து அதே கருவியில் மீண்டும் அளக்க வரச்சொல்கிறார். இரண்டாவது அளவை அவர் ஒப்பிடுவது அந்த நாயின் முதல் அளவோடு.